மைக்ரானின் இரண்டு மில்லி

மைக்ரான் கண்ணை மூடிய பிறகு, அந்த வீட்டு மாடிப்படியை ஏறி இறங்குகிற வேலை அவருடைய மனைவி தலையில் விழுந்தது.

கீழே பட்டறை, மேலே வீடு. கீழே மகன், மேலே மகள். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செய்ய வேண்டிய சாமானை வரைவாள். வரைந்து முடித்ததும் கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த வழியாகச் சுற்ற வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று அதிலேயே பாதை போட்டுக் கீழே அனுப்புவாள். கீழே மகன் இரும்பையோ அலுமினியத்தையோ வைஸ் இடுக்கியில் இறுக்கி, மெஷின் கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அமுக்குவான். மெஷின் சொன்னபடி வெட்டும். சரியாக வந்தால் அவன் வெட்டியது. தப்பாக வந்தால் அவள் வரைந்தது. மாடிக்குப் போய்க் கேட்டால் இதே கதை தலைகீழாக இருக்கும்.

இருவருக்கும் நடுவில் அதுவரை மைக்ரான் ஓடிக்கொண்டிருந்தார். தலைமுடியை உரித்தால் வருகிற கனத்தைப் பற்றிக்கூட அவர் கோபமாகப் பேசுவார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு மைக்ரான்; அதனால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் காய்ச்சல் பார்த்துவிட்டு, "நூறு இருக்கு ஐயா" என்றபோது, "நூறுன்னா நூறேதானா, இல்ல நூத்திச் சொச்சமா?" என்று கேட்ட மனிதர். அந்த நர்ஸ் அதற்கப்புறம் அவர் அறைக்கு வருவதென்றால் இன்னொருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் மூடி விவகாரம் நடந்தது. பம்பு மூடிகள் ஒரு பெட்டி நிறைய வெட்டி, ஒன்றுகூட உட்காரவில்லை. "வரைஞ்சதே தப்பு" என்றான் மகன். "பிடிச்சதே கோணல்" என்றாள் மகள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். தீர்ப்பு வராமலே அவர் போய்விட்டார். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. "அம்மா, அவகிட்ட சொல்லு, இந்த ஓட்டை நாலரையா அஞ்சான்னு." ஓனரம்மா ஏறுவாள். அம்மாவுக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பேர் அது. மூட்டுவலிக்கு அது தெரியாது. "அம்மா, அவன்கிட்ட சொல்லு, படத்துல எழுதியிருக்கு, கண்ணு இருந்தா படிக்கலாம்னு." ஓனரம்மா இறங்குவாள். பாதி வழியில் "கண்ணு இருந்தா"வை உதிர்த்துவிட்டு, மீதியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மைக்ரானும் இப்படித்தான் பாதிப் படியில் எதையெல்லாமோ உதிர்த்திருப்பார் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் அந்த மனுஷன் படியில் நின்று மூச்சு வாங்கியது வயசால் என்று நினைத்திருந்தாள்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில், "அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றான் மகன். உப்பு தங்கையின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. தங்கை, "அம்மா, எட்டி எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

ஓனரம்மா எழுந்து உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"அடுத்த தெருக்காரர் வந்திருந்தார்" என்றாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "மெஷினை விலைக்குக் கேக்கறார். வர்ற வாரம் வந்து பாக்கறேன்னார். வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

இரண்டு பேர் கையும் தட்டில் நின்றது.

"அப்பா மெஷினையா?" என்றாள் மகள்.

"அப்பா மெஷின்தான். அப்பாதான் இல்லையே. நான் ஒண்ணும் மாடிப்படி இல்ல, ஆளாளுக்கு மிதிச்சுக்கிட்டுப் போக. அவர் பேர்ல வாசல்ல ஒரு பலகை வைக்கணும். அவர் எடுத்து வச்சிருக்காரே, அந்தப் பித்தளைக் கட்டை, அதுல. ரெண்டு பேரும் சேர்ந்து செய்ங்க. செஞ்சா பட்டறை இருக்கும். முடியலன்னா அடுத்த தெருக்காரர் வண்டி கொண்டாருவார். அவ்வளவுதான் கணக்கு."

மகன் தங்கையைப் பார்க்காமல், "அம்மா, அவகிட்ட…" என்று ஆரம்பித்தான்.

"வாயில போட்டேன்னா" என்றாள் ஓனரம்மா.

அந்தப் பித்தளைக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டியான அகராதி ஒன்றின் அளவு இருக்கும். பழைய கப்பல் சாமான் ஏலத்தில் எடுத்ததாம். மைக்ரான் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, பட்டறை அலமாரியின் மேல்தட்டில், மருந்துகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "நல்ல வேலைன்னு ஒண்ணு வரும், அப்ப எடுப்பேன்" என்பார். நல்ல வேலைகள் எத்தனையோ வந்தன, போயின. எதுவும் அவருக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பிரித்து, முகம் பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றி வைப்பார். பெண்டாட்டி நகையைக்கூட அவர் அப்படி எடுத்துப் பார்த்தது கிடையாது.

ஒரே கட்டை. மாற்றுக் கிடையாது. இது மூன்று பேருக்கும் தெரியும்.

"எழுத்தைக் குழிச்சுப் போட்டா வேலை ஒரு மணி நேரம்" என்றான் மகன், பொதுவாகக் காற்றைப் பார்த்து.

"குழிச்ச எழுத்து வேண்டாம். அழுக்கு அடையும். எழுத்து எழும்பி நிக்கணும்" என்றாள் ஓனரம்மா. "உங்கப்பா என்ன சொல்லுவார்? கீறுறதுக்கு ஆணி போதும். எழுத்தைத் தொடாம, சுத்தி இருக்கறதை எல்லாம் எடுக்கறதுதான் வேலைன்னு சொல்லுவாரா இல்லையா?"

"சொல்லுவார்" என்றாள் மகள்.

"அப்ப அப்படிச் செய்ங்க. ஓரத்துல வரப்பு மாதிரி விட்டுட்டு, நடுவுல பள்ளம். பள்ளத்துல எழுத்து."

என்ன எழுத்து என்பதற்கு ஆள் தானாகவே வந்து சேர்ந்தது. ஓனரம்மாவின் தம்பி. யார் எங்கே ஓய்வு பெற்றாலும் வாழ்த்துமடல் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பவர். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அவர் வாழ்த்து மாமா. மறுநாள் காலையில் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டார், சட்டைப்பையில் பன்னிரண்டு வரியோடு.

"இரும்பை வளைத்த ஏந்தலே! எஃகை இளக்கிய எந்தையே!" என்று நின்றுகொண்டே படித்தார்.

"அப்பா இரும்பை வளைக்கல மாமா. வெட்டினார்" என்றாள் மகள்.

"வெட்டினார்னு எழுதினா கொலைக்கேஸ் மாதிரி இருக்கும்மா. நீ போடு."

மகள் போட்டாள். கட்டையின் அளவுக்கு ஒரு செவ்வகம், உள்ளே ஓரம் விட்டு ஒரு பள்ளம், பள்ளத்தில் பன்னிரண்டு வரி. எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்கு வந்து நின்றது. "இந்தப் பள்ளத்தைக் கட்டர் மேய்ஞ்சுக்கிட்டே போகும் மாமா. எழுத்தெல்லாம் தீவு. தீவை விட்டுட்டு மத்த இடமெல்லாம் வெட்டும். ஆனா ரெண்டு தீவுக்கு நடுவுல கட்டர் நுழைய வழி வேணும். நம்மகிட்ட இருக்கற சின்னக் கட்டரே மூணு மில்லி தடிமன். நுழையாத இடத்துல அது நுழையாது. பாருங்க."

வெட்டிக் காட்டுகிற பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு குட்டிக் கட்டர் பள்ளத்தின் ஓரமாக ஒரு சுற்று சுற்றியது. பன்னிரண்டு வரியும் இருந்த இடத்தில் ஒரு பெரிய மேடு அப்படியே நின்றது. எழுத்தின் வாடைகூட இல்லை.

வாழ்த்து மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்கம்மா கவிதை?"

"அந்த மேட்டுக்குள்ளதான் மாமா இருக்கு."

"இந்தக் கம்ப்யூட்டருக்கு ரசனையே இல்ல."

"நாலு வரியாக் கொறைங்க."

நாலு வரியானது. மேடு நாலு மேடானது. இரண்டு வரியானது. சில எழுத்துகளுக்குக் கால் முளைத்தது. சுழிகள் எல்லாம் அடைபட்டு மொட்டையாக நின்றன. வாழ்த்து மாமா முதலில் எந்தையைத் தியாகம் செய்தார். அப்புறம் ஏந்தலை. ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கும்போது பல்லைப் பிடுங்குகிறவர் போல முகத்தைச் சுளித்தார். "எமன்கூட இப்படி வரி வரியா எடுக்க மாட்டான். ஒரேயடியா எடுத்துட்டுப் போயிருவான்" என்றார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓனரம்மா டீக்கிளாஸ்களை எடுத்தாள். காலையில் பழக்கதோஷத்தில் ஒரு கிளாஸ் கூடப் போட்டிருந்தாள். அதைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். "இதையும் குடி."

"சுழிக்குள்ள கட்டர் இறங்கணும்னா எழுத்து இவ்வளவு பெரிசா இருக்கணும்" என்று மகள் திரையில் விரலால் காட்டினாள். "அப்படின்னா ஒரே ஒரு சொல்தான். அதுவும் சின்னச் சொல்."

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகன் உள்ளே வந்தான். ஒரு சொல் என்றதும் எல்லாரிடமும் ஒன்று இருந்தது.

"உழைப்பு" என்றான் மகன்.

"தியாகம்" என்றார் மாமா.

"அளவு" என்றாள் மகள்.

"அளவா? துணிக்கடை போர்டா இது?" என்றான் மகன். நேராக அவளிடமே சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தெரிந்தது போல, அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உழைப்புன்னா மட்டும்? சிமெண்ட் மூட்டைல போட்டிருக்கும்."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் ஓனரம்மா. "அந்த மனுஷன் வாழ்நாள்ல தியாகம்னு ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கீங்களா? உழைப்புன்னு? அவர் சொன்ன சொல்லைப் போடுங்க. காலைல எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் சொன்னாரே, அதை."

மகளுக்கு முதலில் உதடு துடித்தது. மகனுக்குத் தோள் குலுங்கியது.

"தொடாதே" என்றார்கள் இரண்டு பேரும்.

மைக்ரான் பட்டறைக்குள் யார் கால் வைத்தாலும் அதுதான் வரவேற்பு. வெட்டின சாமான் சுடும், தொடாதே. ஓரம் கிழிக்கும், தொடாதே. அளந்து வைத்திருக்கிறேன், உன் கைச்சூட்டில் வளரும், தொடாதே. ஓனரம்மா கல்யாணமாகி வந்த புதிதில் டீ எடுத்துக்கொண்டு கீழே போனாள். மேஜைமேல் பளபளவென்று என்னமோ இருந்தது. ஆசையாகக் கையை நீட்டினாள். "தொடாதே!" என்று ஒரு கத்தல். அதுதான் அவர் அவளிடம் உரக்கப் பேசிய முதல் வார்த்தை. டீயை அங்கேயே வைத்துவிட்டு மேலே வந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு துணியில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் படியேறி வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று துணியைப் பிரித்தார். "இப்பத் தொடு" என்றார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, யோசிச்சுப் பாரு" என்றார் வாழ்த்து மாமா, கவலையாக. "நினைவுப் பலகைல தொடாதேன்னு போட்டா, கரண்டுப் பெட்டின்னு நினைச்சுப்பாங்க."

"நினைச்சா நினைக்கட்டும். அவரும் அப்படித்தான் இருந்தார்."

மகள் வரைந்தாள். கொம்புகளின் சுழியைப் பெரிதாக்கி, எழுத்துகளுக்கு நடுவில் கட்டர் தாராளமாகப் போய் வர வழி விட்டாள். பள்ளம் ஓரத்திலிருந்து மூன்றரை மில்லி ஆழம். எழுத்துத் தலை ஓரத்தைவிட அரை மில்லி தாழ்வு. உரசினால் ஓரம் படும், எழுத்துக்குக் காயம் படாது. முதலில் பெரிய கட்டர் இறங்கி, பள்ளம் முழுவதையும் அரை மில்லி சீவும். பிறகு எழுத்தைச் சுற்றி ஆழமாக அள்ளும். கடைசியில் சின்னக் கட்டர் சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும். திரையில் ஓட்டிப் பார்த்தாள். ஏழெட்டுத் தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் "தொடாதே" அழகாக எழும்பி நின்றது. ஓனரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சினிமா பார்க்கிற மாதிரி இருந்தது; முடிவு தெரிந்த சினிமா.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷினுக்குக் கண் கிடையாது. மாட்டியிருக்கிற கட்டர் எவ்வளவு நீளம் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னதை அது அப்படியே நம்பும். கட்டர் நீளத்தை மைக்ரான்தான் எப்போதும் அளந்து போடுவார். போடும்போது, பிள்ளைகள் அவசரக்குடுக்கைகள் என்பதால், யாருக்கும் சொல்லாமல் இரண்டு மில்லி கூட்டிப் போடுவார். கட்டர் நீளமானது என்று நம்பி மெஷின் இரண்டு மில்லி மேலேயே நிற்கும். முதல் ஓட்டம் வெறும் காற்றில் போகும். எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, ஏதோ சரிபார்க்கிற மாதிரி அந்த இரண்டை எடுத்துவிடுவார். பிள்ளைகளுக்கு இது தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஓனரம்மாவுக்கு எல்லாமே தெரியும்.

பலகைக்கு வேண்டிய பெரிய கட்டர், சின்னக் கட்டர் இரண்டும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் மைக்ரான் மாட்டியது. உடம்பு முடியாத நிலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். வெகு நேரம் கழித்து ஏறி வந்தார். "என்ன பண்ணினீங்க கீழே?" என்று ஓனரம்மா கேட்டதற்கு, "புதுக் கட்டர் ரெண்டு மாட்டி அளவு போட்டேன். இருக்கட்டும், அதுங்களுக்கு ஆகும்" என்றார். அன்றாட வேலைக்கு மெஷினில் வேறு கட்டர்கள் இருந்ததால், அதற்கப்புறம் அந்த இரண்டையும் யாரும் ஓட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை. அந்த எண்களை யாரும் அழிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி மேஜைமேல் மடித்தபடியே இருப்பதைப் போல, மெஷினுக்குள் அவர் போட்ட எண்களும் இருந்தன.

வெட்டுகிற அன்று காலையிலிருந்தே மழை. வாசல் தகரத்தில் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. வாழ்த்து மாமா குடையோடு வந்து, பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டார். மகன் கட்டையைத் துடைத்து, வைஸில் வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி இறுக்கினான். ஓனரம்மா மெஷின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மகள் கீழே வரவில்லை. படியின் மேல்முனையில் நின்றாள்.

"அம்மா, ஆரம்பிக்கலாமான்னு கேளு" என்றான் மகன்.

"ஆரம்பிக்கச் சொல்லும்மா" என்றது மேலே.

பொத்தானை அமுக்கினான். பெரிய கட்டர் சுழன்றுகொண்டே இறங்கியது. அரை மில்லி சீவுவது தோல் சீவுகிற மாதிரி, சத்தமே வராது. ஆனால் கட்டையைத் தொட்டதும் ஒரு அலறல் கிளம்பியது. பித்தளைத் தூள் கண்ணாடியில் மணலை வாரி அடித்த மாதிரி வந்து விழுந்தது.

"நிறுத்து!" என்று மேலேயிருந்து கத்தினாள் மகள்.

மகனின் கை சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதும் அந்தக் கை ஒரு கணம் யோசித்தது. அவள் சொல்லி நிறுத்துவதா? அந்த ஒரு கணத்தில் கட்டர் கட்டையின் நட்டநடுவில், ஒரு ஜாண் நீளத்துக்குச் சாலை போட்டுவிட்டது. பிறகுதான் அமுக்கினான்.

மகள் படி இறங்கி வந்தாள். மகன் கதவைத் திறந்து, தூளை ஊதினான். அவள் ஆழம் பார்க்கிற வெர்னியரை நீட்டினாள். அவன் வாங்கி வைத்துப் பார்த்தான். வைத்தவன் அப்படியே நின்றான்.

"எவ்வளவு?" என்றாள்.

"நாலரை."

"அரை இருக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"நாலு மில்லி எங்க இருந்துடா வந்தது?" என்றாள் மகள். "நீ என்ன பண்ணினே?"

"நீ என்ன பண்ணினே?"

"என் படம் சரி!"

"என் பிடி சரி!"

"அந்தக் கட்டையோட நிலைமையைப் பாத்தா ரெண்டும் சரியில்ல" என்றார் வாழ்த்து மாமா, வாசலிலிருந்து.

"மாமா, நீங்க குடையை மடக்கிட்டு வாயையும் மடக்குங்க" என்றாள் ஓனரம்மா. ஸ்டூலிலிருந்து எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். தம்பியை மாமா என்று கூப்பிட்டுவிட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "கத்தாம சொல்லுங்க. யார் என்ன செஞ்சீங்க?"

மகன் தரையைப் பார்த்தான். "அப்பா எப்பவும் ரெண்டு கூட்டிப் போட்டிருப்பாரே. காலைல… நான் அந்த ரெண்டைக் கழிச்சேன்."

மகளுக்கு முகம் வெளுத்தது. "அப்பா போட்ட நம்பரை நீ தொட மாட்டேன்னு நினைச்சேன்."

"அதனால?"

"அதனால நான் என் பாதையையே ரெண்டு மில்லி கீழ இறக்கி அனுப்பினேன்."

வாழ்த்து மாமா வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான் மகன்.

"யார் மூலமா? அம்மா மூலமாவா?"

மகன் வெர்னியரை மேஜைமேல் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்தான். "இரு. கணக்கு உதைக்குது."

"என்ன?"

"நான் ரெண்டு கழிச்சேன். நீ ரெண்டு இறக்கினே. மொத்தம் நாலு. ஆனா அப்பா போட்ட ரெண்டு உள்ள இருந்தா, அது ஒரு ரெண்டைத் தின்னிருக்கும். ரெண்டரைதான் வந்திருக்கணும்."

மகள் திரும்பவும் அந்தக் குழியில் வெர்னியரை வைத்தாள். அவள் கையால் ஒரு தடவை, அவன் கையால் ஒரு தடவை. நாலரை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நீ எதாவது தொட்டியாம்மா?"

"நானா?" என்றாள் ஓனரம்மா. "அந்த மனுஷனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, நான் அதைத் தொடுவேனா?"

அவள் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாரும் தொடவில்லை என்பதும் தெரியும். அந்தக் கடைசிச் சாயங்காலம், கம்பியைப் பிடித்து இறங்கிப் போன மனிதர், நீளத்தை அளந்து, உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டு வந்திருக்கிறார். கூட்டவில்லை. காற்றில் ஓட்டிப் பார்க்க, பின்னால் வந்து கழிக்க, தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தா, இல்லை பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் என்றா. அதைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

மகன் மெல்ல மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டான். "ஒழுங்காப் போட்டிருக்கார்" என்றான்.

"முதல் தடவையா" என்றாள் மகள். சிரிக்க வந்தது, அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்த்து மாமா குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய் நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

ஓனரம்மா எல்லாரும் மூக்கைத் துடைத்து முடிக்கிற வரை பொறுத்திருந்தாள். பிறகு கட்டையைக் காட்டினாள். "இது போச்சா, இருக்கா?"

அண்ணனும் தங்கையும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டது.

"எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது" என்றாள் மகள். "எழுத்துத் தலை எல்லாத்தையும் இந்த ஆழத்துக்கே இறக்கிறலாம். அதுக்குக் கீழ இன்னும் மூணு. மொத்தம் ஏழரை. கட்டை தாங்குமா?"

"கட்டை தாங்கும். உன் சின்னக் கட்டர் தாங்காது. அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. வெளிய இழுத்துப் பிடிச்சா நடுங்கும்."

"மெதுவா ஓட்டினா?"

"எவ்வளவு மெதுவா?"

"நீ சொல்லு. நான் போடறேன்."

மகன் சொன்னான். மகள் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாள். பாதியில் நின்று, "டேய், நீளம் அளந்தியா? எவ்வளவு கூட்டினே?" என்று மாடியிலிருந்து கத்தினாள். "ஒண்ணும் கூட்டல! உள்ளது உள்ளபடி!" என்று அவன் கீழேயிருந்து கத்தினான். ஓனரம்மா படியில் கால் வைக்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தக் கத்தலும் அந்தக் கத்தலும் தன் தலைக்கு மேலே போய் வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் மெஷினைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள். உப்பு டப்பா அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்குத் தானாகப் போனது.

சாயங்காலம் வரை அந்தச் சின்னக் கட்டர் எழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுழிக்குள்ளும் இறங்கும்போது நாலு பேரும் மூச்சைப் பிடித்தார்கள், ஏறும்போது விட்டார்கள். வாழ்த்து மாமாவுக்கு நடுவில் இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். முடிந்து கதவைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. தூளை ஊதித் தள்ளினார்கள். ஆழக் கிணறு மாதிரி ஒரு பள்ளம். அதன் அடியில், தரையிலிருந்து எழும்பி, தங்கமாக மின்னிக்கொண்டு நின்றது அந்தச் சொல்.

ஓனரம்மா கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்றான் மகன். "பிசிறு இருக்கும்மா, கிழிச்சிரும்."

மகள் மெல்லிய அரத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் ஓரமாகவும் ஓட்டினாள். அவன் துணியால் துடைத்தான். இரண்டு பேருமாகக் கட்டையைத் தூக்கி அம்மா முன்னால் வைத்தார்கள்.

"இப்பத் தொடு" என்றாள் மகள்.

ஓனரம்மா பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. விரலை உள்ளே விட்டாள்.

பட்டறை வாசலில், கதவுக்குப் பக்கத்தில் கட்டையைப் பதித்தார்கள். பதித்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. வேண்டியதைவிட ஆழம் என்பதால் துணி உள்ளே போய் மூலைகளை எட்டவில்லை. பிரஷ் விட்டால் எழுத்தில் கீறல் விழுகிறது. விரலால்தான் துடைக்க வேண்டும். காலையில் முதல் வேலையாக ஓனரம்மா ஒவ்வொரு கொம்பையும் கால்களையும் விரலால் சுற்றி வருவாள். அவள் மட்டும் இல்லை. தொடாதே என்று எழுதியிருப்பதைப் படித்தவர்கள் எல்லாரும், பால்காரர் முதல் கரண்ட் பில் ஆள் வரை, உடனே விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். "கரண்டுப் பெட்டின்னா ஒருத்தனும் தொட்டிருக்க மாட்டான்" என்றார் வாழ்த்து மாமா, தானும் தொட்டுக்கொண்டே.

சொன்ன வாரத்தில் அடுத்த தெருக்காரர் வந்தார். கூடவே அளக்கும் டேப்பும், மெஷினைத் தூக்க ஆள் பார்த்து வைத்த தோரணையும். வாசலில் நின்றார். பலகையைப் பார்த்தார். சுட்டுவிரலை நீட்டினார்.

"தொடாதே!"

கீழேயிருந்து ஒரு குரல், மாடியிலிருந்து ஒரு குரல், ஒரே நேரத்தில். அடுத்த தெருக்காரர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்படியில் நின்ற ஓனரம்மாவின் கையில் டீ வடிகட்டி அப்படியே நின்றது. அந்தக் கத்தல் இரண்டு தொண்டையிலிருந்து வந்தாலும் ஒரே ஆளுடையது. கொஞ்ச நேரம் அதைக் காதில் வைத்திருந்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படி இறங்கி வந்தாள்.

"வாங்க" என்றாள். "டீ சாப்பிடறீங்களா?"

"டீ இருக்கட்டும்மா." அவர் இன்னும் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மெஷின் விஷயமா வரச் சொன்னீங்களே?"

"அதான் வாசல்லயே எழுதிப் போட்டிருக்கே" என்றாள் ஓனரம்மா. "படிக்கலயா?"